சோராவின் மழையும் ஷில்லாங்கின் தெருவும்: ஒரு காசிக் கவிஞரின் ஹைக்கூவை எப்படி வாசிப்பது?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. கின்ஃபாம் சிங் நோங்கின்ரி என்ற, மேகாலயாவின் காசி இனக் கவிஞரின் ஹைக்கூத் தொகுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கம் மலை, மழை, பூ, பறவை. மறுபக்கம் தெரு, வீடு, அரசியல், கேலி. ஹைக்கூ என்றால் மூன்று வரி, பதினேழு அசை என்பார்கள்; அந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. இவற்றை ஹைக்கூ என்று ஒப்புக்கொள்ளலாமா, மேகாலயாவை மிதித்துப் பார்க்காத ஒருவருக்கு இவை பிடிபடுமா என்று கேட்கிறீர்கள்.

முதல் சந்தேகத்துக்கு விடை அட்டையிலேயே இருக்கிறது. 2015-ல் ஹார்ப்பர்காலின்ஸ் இந்தியா வெளியிட்ட அந்த நூலின் பெயர் 'டைம்ஸ் பார்ட்டர்'. துணைத் தலைப்பு 'ஹைக்கூ அண்ட் சென்ரியு'. அந்தக் கடைசிச் சொல்லைப் பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுகிறார்கள். இயற்கையும் பருவமும் முன்னால் நின்றால் ஹைக்கூ. மனிதர்களும் அவர்களுடைய அசட்டுத்தனமும் முன்னால் நின்றால் சென்ரியு. 18-ஆம் நூற்றாண்டில் காராய் சென்ரியு என்பவர் இத்தகைய நையாண்டி வரிகளைத் தேர்ந்து தொகுத்தார். அவர் பெயரே வடிவத்துக்கும் நிலைத்துவிட்டது. ஆகவே தெருவும் கேலியும் வருவது வழி தவறியதால் அல்ல. அவற்றுக்கும் அதே குடும்பத்தில் இடம் உண்டு.

ஆனால் இந்த வகைப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவிதைக்கும் முத்திரை குத்திக்கொண்டே போனால் நூல் கையைவிட்டு நழுவிவிடும். காசி மலையில் மழையைப் பற்றிப் பேசுவது ஊரைப் பற்றிப் பேசுவதுதான். பூ பூக்கும் மாதத்தைச் சொன்னால் பள்ளிக்கூடம், சந்தை, வீட்டு அடுப்பு எல்லாம் கூடவே வந்து நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இயற்கைப் பாதி, அன்றாடப் பாதி என்ற பிரிவே தேவைப்படாது என்பது என் கட்சி. கீழே சொல்லப்போவதெல்லாம் அதற்கான வாதம்.

கவிஞரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசி என்றதும் கங்கைக்கரை நினைவுக்கு வந்துவிடும். இங்கே பேசுவது மேகாலயாவின் காசி மலைகளில் வாழும் இனத்தாரைப் பற்றி. அவர்களுடைய மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது; கம்போடியாவின் கெமர் மொழி அதற்குத் தூரத்துச் சொந்தம். குலம் தாய் வழியில் வருகிறது. பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. நோங்கின்ரி பிறந்தது சோராவில். சிரபுஞ்சி என்று பள்ளிப் புவியியலில் மனப்பாடம் செய்தோமே, அந்த ஊர்தான். ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். காசியிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார். இந்தத் தொகுப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. காசி மக்களின் பழங்கதைகளை 'அரவுண்ட் த ஹார்த்' (2007) என்ற நூலில் திரும்பச் சொல்லியிருக்கிறார். 'ஃபியூனரல் நைட்ஸ்' (2021) அவருடைய நாவல், ஏறத்தாழ ஆயிரம் பக்கம். ஆயிரம் பக்கம் எழுதுகிற கைதான் மூன்று வரியும் எழுதுகிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. இரண்டுக்கும் மூலதனம் ஒன்று: சோராவின் நினைவு.

இனி அசைக் கணக்கு. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஜப்பானியர்கள் எண்ணுவது நம்முடைய அசையையோ ஆங்கிலத்தின் அசையையோ அல்ல. அதைவிடச் சிறிய ஓர் ஒலி அலகை. டோக்கியோ என்ற பெயரை ஆங்கிலேயர் இரண்டு மூன்று அசையில் முடித்துவிடுவார்கள்; ஜப்பானியக் கணக்கில் அது நான்கு. அந்தச் சின்ன அலகுகளில் பதினேழை எடுத்து ஆங்கிலத்தில் பதினேழு அசையாக நிரப்பினால் கவிதை ஊதிப்போகும். ஆங்கிலத்தில் தேர்ந்த ஹைக்கூக் கவிஞர்கள் பலர் பன்னிரண்டு அசையை ஒட்டியே நிறுத்திக்கொள்வது இதனால்தான். விரல்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டு வேறு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கவிதைக்குள் எங்கே வெட்டு விழுகிறது, அதாவது எந்த இடத்தில் ஒரு காட்சி நின்று இன்னொன்று பக்கத்தில் வந்து அமர்கிறது? எந்தப் பருவத்தில் இது நடக்கிறது? 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானியக் கவிஞர் பாஷோவிலிருந்து, 1890-களில் 'ஹைக்கூ' என்ற பெயரையே நிலைநாட்டிய ஷிக்கி வரை எல்லாரும் பிடித்துக்கொண்ட கயிறு இவ்விரண்டும்தான்.

வெட்டு பழகப் பழகக் கண்ணில் படும். பருவம் அப்படியல்ல. காசி மலையின் பருவங்களை யாராவது சொல்லித்தந்தால் ஒழிய வெளியூர் வாசகருக்குத் தெரியாது. ஆகவே அங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

செர்ரிப் பூவிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானிய மரபில் வெறுமனே 'பூ' என்று சொன்னாலே செர்ரிதான். செர்ரி என்றால் வசந்தம், குளிர் விட்ட மகிழ்ச்சி, ஊர்கூடி மரத்தடியில் உட்காருவது. ஷில்லாங்கிலும் செர்ரி இருக்கிறது. ஆனால் அது இமயமலைக் காட்டுச் செர்ரி. பூப்பது நவம்பர் வாக்கில். மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் நீலமாகி, காலையில் கை விறைக்கத் தொடங்கும் சமயம். வார்ட்ஸ் ஏரியைச் சுற்றியும் சாலையோரங்களிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். 2016-லிருந்து அதற்கென்று ஒரு விழாவும் நடத்துகிறார்கள். பாட்டுக் கச்சேரி, கூட்டம், போக்குவரத்து நெரிசல் எல்லாம் உண்டு. பூ உதிர்ந்த கையோடு கடுங்குளிர் வந்துவிடும். அந்த ஊரில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில் அல்ல, குளிர்காலத்தில். எனவே ஷில்லாங் கவிஞர் செர்ரி என்று எழுதினால் வகுப்பறைகள் பூட்டப்படப் போகின்றன, கம்பளிகள் வெயிலுக்கு வரப்போகின்றன, விடுதிப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பப்போகிறார்கள் என்று பொருள். ஜப்பானிய அகராதியை வைத்துக்கொண்டு அதை வசந்தம் என்று வாசித்தால் கவிதை தலைகீழாகிவிடும்.

அடுத்தது மழை. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையான பன்னிரண்டு மாதங்களில் சிரபுஞ்சியில் பெய்தது 26,461 மில்லிமீட்டர். உலக சாதனையாக இன்றும் நிற்கிற அந்த எண்ணை வியப்போடு சொல்லிவிட்டு நகர்வது நம் பழக்கம். அங்கே வாழ்கிறவருக்கு அது எண் அல்ல, ஓசை. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று சில்ஹெட் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து, திடீரென்று செங்குத்தான மலைச்சுவரில் முட்டி 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. ஏறிய வேகத்தில் கொட்டிவிடுகிறது. அதிலும் பெருமழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் பெய்கிறது. தகரக் கூரையின் மேல் ராத்திரி முழுவதும் விழுகிற மழையில் பக்கத்தில் படுத்திருப்பவரோடு பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டும். சோராக்காரருக்கு மழை ஒன்றல்ல. இடியும் இருண்ட காற்றுமாக வருவது ஒன்று, ஆலங்கட்டியோடு வருவது ஒன்று, நாள்கணக்கில் விடாமல் பிடித்துக்கொள்வது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் தனிப் பெயர் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த கவிஞரின் மழைக் கவிதையில் குடையும் காதலியும் இல்லையே என்று வருத்தப்படக் கூடாது.

இதே சோராவில் குளிர்காலத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை. கொட்டிய மழை அத்தனையும் பள்ளத்தாக்கில் இறங்கி வங்கதேசத்துக்குப் போய்விடுகிறது. மேல்மண் அரித்துப்போன மேட்டுநிலம். அடியில் சுண்ணாம்புப் பாறை. காடு பெருமளவு போய்விட்டது. நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கும் குழி தோண்டிய தழும்புகள் வேறு. டிசம்பர், ஜனவரியில் பெண்கள் குடத்தோடு ஊற்று தேடி நடக்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாக நனைகிற ஊர்களில் ஒன்றில் ஒரு தாய் தண்ணீருக்காக வரிசையில் நிற்கிறாள். இதை எழுதினால் இயற்கைக் கவிதையா, அரசியல் கவிதையா? எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்?

ஒரு கிளைக்கதை. அந்த ஊருக்கு அருகே மாவ்ம்லூ என்ற குகை இருக்கிறது. அதற்குள் சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு சுண்ணாம்புப் படிவத்தை ஆராய்ந்துதான், 4,200 ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பரவிய ஒரு பெரும் வறட்சியின் தடயத்தைக் கண்டார்கள். 2018-ல் புவியியலாளர்கள் நாம் வாழும் காலப்பகுதிக்கே 'மேகாலயன்' என்று பெயரிட்டார்கள். அதிகம் மழை பெய்யும் நிலத்தின் பெயரால் அழைக்கப்படும் யுகம் ஒரு வறட்சியில் தொடங்குகிறது. இதை ஒரு சென்ரியுக் கவிஞர் கற்பனை செய்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

'க்னுப்' என்று ஒரு பொருள் உண்டு. மூங்கில் பிளாச்சும் இலையும் வைத்துப் பின்னிய கவசம், ஆமை ஓடு மாதிரி. தலையில் மாட்டினால் முதுகு முழுவதையும் மூடி இடுப்புக்குக் கீழே வரை இறங்கும். குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். க்னுப் மாட்டினால் இரண்டு கையும் மிச்சம். குனிந்து வேலை செய்கிற உடம்புக்கு ஏற்ற வடிவம் அது. நிமிர்ந்து நின்றால் முகத்தில் மழை அடிக்கும். மலையின் மேட்டுப் பகுதிகளில் உருளைக்கிழங்கு பறிக்கும் காலமும் மழைக்காலமும் ஜூன், ஜூலையில் ஒன்றாக வந்து சேரும்.

இதை வைத்துக்கொண்டு, ஹைக்கூ எங்கே பிறக்கிறது, எங்கே செத்துப்போகிறது என்று காட்டுகிறேன். கீழே உள்ள வரிகள் என்னுடையவை. விளக்கத்துக்காக எழுதியவை, கவிஞருடையவை அல்ல. முதலில் நம் ஊர்க் கவியரங்கப் பாணியில்:

கொட்டும் மழையிலும்
ஓயாத தாயின் கைகள்,
உழைப்பே உயர்வு

இது மூன்று வரி, அவ்வளவுதான். கடைசி வரி வந்து தீர்ப்பைச் சொல்லிவிட்டது. வாசகருக்கு வேலை இல்லை. எந்த ஊர்த் தாய், எந்த மழை என்பதும் தெரியவில்லை. இப்போது தீர்ப்பை எடுத்துவிட்டு, பொருளை வைக்கலாம்:

கிழங்கு பறிக்கும் தாய்;
முதுகின் மூங்கில் ஓட்டுக்குள்
மழைச் சத்தம்

முதல் வரியின் முடிவில் வெட்டு. அதுவரை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த இரண்டு வரியில் அந்த ஓட்டுக்கு உள்ளேயே போய்விடுகிறார். அவள் காதால் கேட்கிறார். ஜூன் மாதம் என்று தனியே சொல்லத் தேவையில்லை. கிழங்கும் மழையும் சேர்ந்து சொல்லிவிட்டன. கஷ்டம், தியாகம் என்ற சொற்களும் வேண்டியிருக்கவில்லை. இது பெரிய கவிதை என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் இரண்டாவதில் நிகழும் அந்த இடமாற்றத்தைத் தொகுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் தேடுங்கள். இருந்தால் அது ஹைக்கூ. இல்லாவிட்டால், அசை எத்தனை சரியாக இருந்தாலும், துணுக்கு.

அடுத்து, அன்றாடம். இங்கேதான் வெளியூர் வாசகர் அதிகம் தவறவிடுகிறார் என்று நினைக்கிறேன். குறுகத் தறித்த கேலி காசி மக்களுக்கு ஜப்பானிலிருந்து வந்து சேர வேண்டிய சரக்கு அல்ல. 'ஃபவார்' என்று அவர்களிடமே ஒரு பழைய வடிவம் உண்டு. வில்வித்தைப் போட்டிகளிலும் திருவிழாக்களிலும் ஒருவர் எதுகையோடு ஓரிரு அடிகளை ஓங்கிச் சொல்வார். கூட்டம் 'ஹோய் கிவ்' என்று குரல் கொடுக்கும். எதிர் அணியைச் சீண்டுவதும் ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்வதும் அதில் சகஜம். வரி நீண்டால் கூட்டத்துக்குப் பொறுமை இருக்காது. இந்தக் காதோடு வளர்ந்த ஒருவருக்குச் சென்ரியு புது விருந்தாளியாகத் தோன்றியிருக்காது.

வில்வித்தை என்றதும் 'தீர்' சூதாட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஷில்லாங்கின் போலோ மைதானப் பக்கத்தில், ஞாயிறு தவிர மற்ற நாள்களில், மாலை நேரத்தில் வில்லாளிகள் வரிசையாக அமர்ந்து வைக்கோல் உருளையைப் பார்த்து அம்பு மழை பொழிவார்கள். குத்தி நிற்கும் அம்புகளை எண்ணி, அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்துக்குப் பந்தயப் பணம். அரசு உரிமம் பெற்ற, வரி கட்டுகிற சூது இது. ஊரெங்கும் பெட்டிக்கடை போன்ற கவுன்டர்கள். இதில் கவிதைக்கான இடம் முந்தின இரவில் இருக்கிறது. கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், குழந்தை வந்தால் ஓர் எண் என்று கணக்குகள் வைத்திருக்கிறார்கள். காலையில் தேநீர்க் கடையில் ஒருவர் தன் கனவைச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். செத்துப்போன பாட்டி கனவில் வந்தால் துக்கப்படுவதா, எந்த எண்ணில் கட்டுவது என்று யோசிப்பதா என்ற குழப்பம் அங்கே நிஜமானது. ஒரு சென்ரியுவுக்கு இதைவிட நல்ல விதை வேண்டுமா?

சந்தையும் அப்படித்தான். ஷில்லாங்கின் பழைய பெரிய சந்தையான யூடு, படிக்கட்டும் சந்துமாக மலைச்சரிவில் இறங்கிக்கொண்டே போகும். விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காசும் கணக்கும் அவர்கள் கையில். மூங்கில் கூடையை நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டு முதுகில் சுமக்கும் கூலியாட்கள் கத்திக்கொண்டே இடித்துத் தள்ளி வருவார்கள்; நாம்தான் ஒதுங்க வேண்டும். காசி மக்களின் பழைய வாரத்துக்கு எட்டு நாள். அந்த நாள்களின் பெயர்கள் சந்தைகளிலிருந்து வந்தவை. காலத்தையே சந்தையால் அளந்த சமூகம் அது. தொகுப்பின் தலைப்பில் பண்டமாற்று என்ற பொருள் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த எட்டு நாள் வாரம்தான் நினைவுக்கு வருகிறது.

'க்வாய்' பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஊறவைத்த பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நீட்டுவது அதைத்தான். பாக்கு மெல்ல மெல்ல உடம்பு சூடாகி வியர்க்கும். பழக்கமில்லாதவருக்குத் தலை சுற்றும். முன்பெல்லாம் வழித்தொலைவையும் எத்தனை க்வாய் மெல்லும் தூரம் என்று சொல்வார்களாம். இறந்தவரைக் குறிப்பிடும்போது 'கடவுள் வீட்டில் க்வாய் மென்றுகொண்டிருக்கிறார்' என்பது அவர்கள் வழக்கு. விருந்து படைக்க வீட்டில் எதுவும் இல்லாததால் ஓர் ஏழைத் தம்பதி உயிரை விட்ட கதையும், ஏழையும் விருந்தோம்ப வேண்டுமென்று பாக்கும் வெற்றிலையும் பிறந்தன என்ற முடிவும் அந்தத் தட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. இவ்வளவும் தெரிந்த காசி வாசகருக்கு, ஆளில்லாத திண்ணையில் ஒரு பாக்குத் தட்டு என்று எழுதினால் போதும். நமக்குத்தான் இந்த ஒரு பத்தி தேவைப்படுகிறது.

பெயர்கூட அங்கே இயற்கையோடு பேரம் பேசித்தான் வருகிறது. கிழக்குக் காசி மலை மாவட்டத்தில் கோங்தோங் என்று ஒரு கிராமம். அங்கே குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று சொற்களில்லாத ஒரு மெட்டைக் கட்டுகிறாள். வீட்டுக்குள் கூப்பிடச் சின்ன மெட்டு. காட்டில் தூரத்திலிருந்து அழைக்க நீண்ட மெட்டு. காட்டில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தீய ஆவிகள் அதைக் கேட்டுக்கொள்ளும் என்ற அச்சமும் இதில் உண்டு. மலையும் பள்ளமுமான நிலத்தில் சொல்லைவிட மெட்டு நெடுந்தூரம் போகும் என்பது நடைமுறை வசதி. தாயன்பு, நிலவியல், பேய்ப் பயம் மூன்றும் ஒரே விளியில். இயற்கை வேறு, அன்றாடம் வேறு என்று பிரிக்க முடியாது என்று நான் அடம்பிடிப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அரசியல் கவிதைகள் உங்களை நெருடியதாகத் தோன்றுகிறது. ஷில்லாங்கின் அண்மை வரலாற்றை மனத்தில் வைத்தால் அந்த நெருடல் குறையலாம். 1972-ல் மேகாலயா தனி மாநிலமானது. 1979, 1987, 1992 ஆண்டுகளில் பழங்குடிகளுக்கும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடையே கலவரங்கள் மூண்டன. ஊரடங்கு, பந்த், துணை ராணுவத்தின் நடமாட்டம் ஆகியவை ஒரு தலைமுறைக்கே பழகிப்போன வானிலை ஆயின. தொண்ணூறுகளில் ஆயுதக் குழுக்களும் சேர்ந்துகொண்டன. ஷில்லாங்கில் அக்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர்கள், நோங்கின்ரியும் மணிப்பூரைச் சேர்ந்த ராபின் எஸ். ங்கங்கோமும் உள்பட, பைன் மரத்தையும் துப்பாக்கியையும் ஒரே கவிதைக்குள் வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து வடகிழக்குக் கவிதைகளை 'டான்சிங் எர்த்' (2009) என்ற பெயரில் தொகுத்திருக்கிறார்கள். அதைப் புரட்டினால் இது ஒருவரின் குணம் அல்ல, ஒரு வட்டாரத்தின் குணம் என்பது தெரியும். அழகான மலைநாடு என்று வெளியே விற்கப்படும் படத்தின் மீது உள்ளூர்க்காரருக்கு இருக்கும் எரிச்சல் நியாயமானது. அந்த எரிச்சலுக்கு நீண்ட கவிதையைவிட மூன்று வரி பொருத்தமாக இருப்பதற்குக் காரணம், நீண்டால் அது மேடைப் பேச்சாகிவிடும் அபாயம். அரசியல்வாதியைப் பற்றிய கவிதையே அரசியல்வாதியைப் போலப் பேசத் தொடங்கினால் என்ன மிச்சம்?

இந்த வடிவம் அங்கே எந்த வழியாகப் போயிருக்கும் என்றும் சிலர் கேட்பதுண்டு. இந்தியாவுக்குள் ஹைக்கூ வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. தாகூர் 1916-ல் ஜப்பான் சென்றார். 1919-ல் வெளிவந்த பயண நூலில் பாஷோவை வங்காளத்தில் தந்தார். அதே 1916 அக்டோபரில் பாரதியார் சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையை எழுதியது நாம் அறிந்ததுதான். காசி மலைக்கு இன்னொரு வாசலும் உண்டு: வேல்ஸ். 1841-ல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் பாதிரியார் சிரபுஞ்சிக்கு வந்து காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுத வைத்தார். அந்த உறவு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அறுந்துவிடவில்லை. வெல்ஷ் கவிஞர் நைஜல் ஜென்கின்ஸ் காசி மலைகளில் அந்தப் பாதிரிமார்களின் தடத்தைத் தேடிப் பயணம் செய்து 1995-ல் ஒரு நூல் எழுதினார். அவரே பிற்பாடு ஹைக்கூவும் சென்ரியுவும் எழுதித் தொகுப்பு வெளியிட்டவர். வேல்ஸ் நாட்டு ஹைக்கூக்களின் தொகைநூல் ஒன்றுக்கும் பதிப்பாசிரியர்களில் ஒருவர். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கோடு போட நான் முற்படவில்லை. ஆனால் சோராவில் பிறந்தவர் ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதுவது, டோக்கியோவிலிருந்து ஒற்றைத் தாவலில் வந்த காரியம் அல்ல.

எழுத்து வந்த கதையைச் சொன்னதால், எழுத்து தொலைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கடவுள் காசிக்கும் சமவெளிக்காரனுக்கும் ஆளுக்கொரு எழுத்துச் சுவடி கொடுத்தாராம். திரும்பும் வழியில் பெருவெள்ளம். சமவெளிக்காரன் அதைத் தலைமயிரில் முடிந்துகொண்டு நீந்தினான். காசி வாயில் கவ்விக்கொண்டு நீந்தி, தண்ணீரோடு அதை விழுங்கிவிட்டான். அதனால்தான் எங்களுக்கு எழுத்து வயிற்றுக்குள் இருக்கிறது, எல்லாவற்றையும் வாயால் சொல்லிக் காப்பாற்றுகிறோம் என்பது அவர்கள் கணக்கு. அச்சுக்கு வந்த காசிக் கவிதையின் மூத்தவரான சோசோ தாம் (1873–1940) சோராவில் பிறந்தவர். இந்தப் பழங்கதைகளை அடித்தளமாக்கித்தான் 1936-ல் தன் பெரும் காவியத்தைக் கட்டினார். அந்த மரபின் பேரப்பிள்ளைகளில் ஒருவராகவே நான் நோங்கின்ரியை வாசிக்கிறேன்.

குறை சொல்ல எதுவும் இல்லையா என்றால், உண்டு. இது இந்த ஒரு நூலுக்கு மட்டும் அல்ல, எந்த ஹைக்கூத் தொகுப்புக்கும் பொருந்தும். நூற்றுக்கணக்கான மூன்று வரிகளை ஒரே அமர்வில் விழுங்கினால் நாக்கு மரத்துப்போகும். எல்லாமே ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கும். சென்ரியுவில் இன்னொரு ஆபத்து: கேலி கூர்மையாக இருக்கும்போது அது பொன்மொழியாக இறுகிவிடும். நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கலாம்; திரும்பிப் போய்ப் படிக்கத் தோன்றாது. அத்தகையவற்றைத் தயங்காமல் தாண்டுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாஷோவின் சீடர்களே கூட்டமாக உட்கார்ந்து, ஒரு வரியை வைத்துக்கொண்டு மாலை முழுக்கப் பேசியவர்கள்தானே.

உங்கள் கடைசிக் கேள்வி, மேகாலயாவைப் பார்க்காமல் பிடிபடுமா என்பது. பிடிபடும், ஆனால் கதைகள் தெரிந்திருக்க வேண்டும். சோராவுக்கு அருகே 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்த லிகாய், கைக்குழந்தையோடு மறுமணம் செய்துகொள்கிறாள். அவள் அன்பு முழுவதும் குழந்தைக்கே போகிறதே என்ற பொறாமையில் இரண்டாவது கணவன் குழந்தையைக் கொன்று சமைத்து வைக்கிறான். வேலை முடிந்து பசியோடு வந்தவள் தெரியாமல் உண்டுவிடுகிறாள். பிறகு வழக்கப்படி க்வாய் போடக் கூடையை எடுக்கும்போது அதற்குள் பிஞ்சு விரல்கள் கிடக்கின்றன. ஓடிப்போய் மலைவிளிம்பிலிருந்து குதிக்கிறாள். சுற்றுலாப் பயணிகள் வானவில்லைப் படமெடுக்கும் அந்த இடத்தை ஒரு காசிக் கவிஞர் மூன்று வரியில் பெயர் சொல்லிவிட்டுப் போனால், மீதிக் கதை முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

ஆகவே என் யோசனை: 'அரவுண்ட் த ஹார்த்' நூலிலிருந்து நோகலிகாய் கதையையும், சமவெளியிலிருந்து மேய்ச்சல் தேடி மலையேறி அம்புபட்டுச் செத்த கலைமானுக்காக அதன் தாய் அழும் கதையையும் முதலில் படித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஹைக்கூத் தொகுப்பைத் திறங்கள், முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இதே வடிவத்தில் இந்தியாவெங்கும் ஆங்கிலத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், நோங்கின்ரி ரிமி நாத்துடன் சேர்ந்து தொகுத்த 'லேட்-புளூமிங் செர்ரீஸ்' (2024) கிடைக்கிறது. அந்தத் தலைப்பில் உள்ள செர்ரி எந்த மாதத்தில் பூக்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.